நகர்மன்றக் கூட்டத்துக்குப் போகும் முன் கொஞ்சம் பழைய கணக்கு



2022 மார்ச் 2-ஆம் தேதி பதவி ஏற்ற நம் கொடைக்கானல் நகர்மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. மீதம் இருக்கும் கூட்டங்களில் என்னென்ன பொருள்கள் வரும் என்று ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை. குடிநீர், கட்டிட அனுமதி, குப்பை, வாகன நெரிசல், வரி. இந்த ஐந்தும்தான் மாறி மாறி வரும். நம் சங்கத்தில் நாம் பேசுவதும் இவற்றைத்தான்.

இதெல்லாம் சமீபத்தில் முளைத்த பிரச்சினைகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பழைய வேர் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நம் வார்டு கவுன்சிலரிடம் கேட்கும் கேள்வி சரியான இடத்தில் போய் விழும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நகராட்சிக்கு முன்னால் இருந்த ஊர்

பழனி மலையை முதன்முதலில் முறையாக அளந்தவர் லெப்டினன்ட் வார்டு. ஆண்டு 1821. அப்போது மலையில் ஆள் இல்லாமல் இல்லை. பளியர், புலையர் இருந்தார்கள். மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களில் விவசாயம் நடந்தது. பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் கொடைக்கானல் என்ற ஊருக்கு மூத்தவை. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கியது 1845-இல். மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். உடம்பு தேறுவதற்கு வந்து, வெயில் குறைந்ததும் இறங்கிப் போகும் இடமாகத்தான் இந்த ஊர் தொடங்கியது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை நினைத்து யாரும் திட்டம் போடவில்லை. நம் இன்றைய தொல்லைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

அடுத்து ஏரி. மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் கரை போட்டு, சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கினார். ஏறக்குறைய 60 ஏக்கர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். 1867-இல் வேலையை விட்டு இங்கேயே வந்து தங்கியும் விட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரின் மிகப் பெரிய பொதுச் சொத்து, மன்றம், தீர்மானம், டெண்டர் எதுவும் இல்லாமல், ஒரு அதிகாரியின் விருப்பத்தில் உருவானது. நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் மேலே இருக்கும் ஒருவர் முடிவு செய்வார், ஊர் ஏற்றுக்கொள்ளும் என்ற வழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1899

இந்த ஆண்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. மதராஸிலிருந்து சூரிய ஆராய்ச்சிக் கூடம் இங்கே வந்தது. கொடைக்கானல் நகராட்சியும் அமைந்தது.

ஆராய்ச்சிக் கூடம் வந்த காரணம் சுவையானது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாடு செத்துப் பிழைத்தது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதைத் தொடர்ந்து பார்க்கத் தெளிவான வானம் வேண்டும், உயரம் வேண்டும். கொடைக்கானல் தேர்வானது. எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் கண்டுபிடித்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. பூமியில் தண்ணீர் பற்றிய கவலையால் வானத்தைப் பார்க்க வந்த கூடம் இருக்கும் ஊரில், இன்றைக்கும் ஏப்ரல் மாதம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம்.

நகராட்சி அமைந்தபோது ஊர் மிகச் சிறியது. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடவில்லை. சீசன் காலத்தில் மட்டும் பல மடங்கு ஏறும். அன்றைய ஓட்டுரிமை சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கே உரியது. சுமை தூக்கியவர்களும் பங்களா வேலைக்காரர்களும் காய்கறி விளைவித்தவர்களும் மன்றத்துக்கு வெளியேதான் நின்றார்கள். எல்லாருக்கும் ஓட்டு என்பது சுதந்திரத்தை ஒட்டித்தான் வந்தது.

2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. வார்டுகள் 24. ஒரு வார்டுக்குச் சராசரி 1,520 பேர். சென்னையில் ஒரு கவுன்சிலருக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பெரிய தெரு. நம் கவுன்சிலருக்கு நம்மை முகம் பார்த்தே தெரியும். இந்த நெருக்கத்தை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

ரோடு வந்த பிறகு

1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும். அந்த ஸ்டேஷன்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. ரோடு என்று பெயர் இருந்தாலும் அங்கிருந்து கொடைக்கானல் 80 கிலோமீட்டர். முதல் உலகப் போர்க் காலத்தில் லாஸ் காட் என்கிற வத்தலக்குண்டு மலைப்பாதை மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. மேலே வருவது ஒரு நாள் பாடு என்பது சில மணி நேரமானது. பிற்பாடு பழனிப் பாதையும் வந்து பெருமாள்மலையில் சேர்ந்தது.

ரோடு திறந்த நாளிலிருந்து நகர்மன்றத்தின் வேலை மாறிவிட்டது. அதற்கு முன் வந்தவர்கள் இரண்டு மூன்று மாதம் தங்கினார்கள். வீட்டு வரி கட்டினார்கள். ஊர் விஷயத்தில் அக்கறை இருந்தது. இப்போது வருகிறவர் சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு மாலை இறங்குகிறார். அவர் மேல் தவறில்லை. ஆனால் அவர் பயன்படுத்தும் தண்ணீர், போட்டுவிட்டுப் போகும் குப்பை, பிடிக்கும் ரோடு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது 36,000 பேருக்கான நகராட்சி.

தண்ணீர்: மழைக்குக் குறைவில்லை

நம் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்துக்கும் கீழே. அப்படியிருந்தும் ஏன் தட்டுப்பாடு? காலண்டரைப் பார்த்தால் விளங்கும். பெரிய மழை அக்டோபர், நவம்பரில். பெரிய கூட்டம் ஏப்ரல், மே மாதத்தில். இடையில் ஐந்து மாதம் நீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

முன்பு அந்த வேலையைச் செய்தவை சோலைக் காடும் புல்வெளியும். மழை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து, யூகலிப்டஸ், வாட்டில், பைன் என்று நட்டுக்கொண்டே போனார்கள். 2013-இல் 608.95 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனாலும் மாறிப்போன நிலம் ஒரு அறிவிப்பில் திரும்பி வராது.

நகராட்சி கையில் இருப்பவை அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் மனோரத்தினம் சோலை அணையும். அவற்றோடு குண்டாறு திட்டம். குடிநீர்ப் பொருள் மன்றத்துக்கு வரும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டு இணைப்புக்கு எவ்வளவு, வணிக இணைப்புக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு என்று மே மாதக் கணக்கைத் தனியாகக் காட்டுங்கள். ஆண்டு மொத்தத்தைக் காட்டினால் மழைக்காலம் கோடையை மறைத்துவிடும்.

கட்டிடம்: ஏழு மாடிக் கதை

1990-களில் நடந்த பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய இடத்தில் ஏழு தளம் எழுந்தது. பிறகு விதிகளைத் தளர்த்தி அரசு உத்தரவு வந்தது. 1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டது. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தளர்வை ரத்து செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதை ஒட்டி வந்த அரசியல் வழக்கு தனிக் கதை. நம் செய்திமடலுக்கு அது வேண்டாம்.

நமக்குப் பாடம் வேறு. மாஸ்டர் பிளானும் மலை ஊர்களுக்கான தனிக் கட்டிட விதிகளும் 1993-இலேயே வந்துவிட்டன. விதி இல்லாததால் அந்தக் கட்டிடம் எழவில்லை. அடித்தளம் போட்டபோது கேட்டிருந்தால் ஒரு நோட்டீஸோடு முடிந்திருக்கும். ஏழாவது தளம் வந்த பிறகு கேட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதானது.

அந்தப் பாடத்தை ஊர் படித்ததா? 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அதிகாரிகள் கட்டிடங்களுக்கு சீல் வைக்கத் தொடங்கினார்கள். விதிமீறல் பட்டியலில் 1,400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் இருந்தன. அவற்றில் பெரிய விடுதிகளும் உண்டு, பிள்ளை கல்யாணத்துக்காக மாடியில் ஒரு அறை எடுத்தவர்களும் உண்டு. அனுமதி கேட்டு வருடக்கணக்கில் அலைந்து, கடைசியில் கட்டிவிட்டவர்களும் உண்டு. எல்லாரையும் ஒரே பட்டியலில் பார்க்கும்போது சின்ன வீட்டுக்காரருக்குத்தான் முதலில் வலிக்கிறது. 24 வார்டுகளிலும் இத்தனை கட்டிடங்கள் ஒரே இரவில் எழவில்லை.

பாதரசமும் குப்பையும்

1980-களில் இங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் பயன்படுத்திய இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுவினார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் இருப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடியது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். இடையில் 15 ஆண்டுகள்.

மன்ற நிகழ்ச்சி நிரலில் "தொழில் உரிமம் புதுப்பித்தல்" என்று வரும் வரியை யாரும் படிப்பதில்லை. பள்ளிக்கூடமும் வீடும் இருக்கும் தெருவில் எந்தக் கடைக்கு என்ன உரிமம் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

இன்றைய குப்பை பாதரசம் அளவுக்குப் பயங்கரமானதில்லை. ஆனால் அளவு பெரிது. பிரகாசபுரம் குப்பைக் கிடங்கைப் பற்றிப் பேசாத கூட்டம் இல்லை. காட்டு மாடு குப்பைத் தொட்டியில் மேய்வது நமக்குப் பழகிப்போன காட்சி. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்டு, மீறினால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் கொண்டுவந்தார்கள். வசூலான தொகை எந்தக் கணக்கில் வரவு, அதிலிருந்து குப்பைக்கு என்ன செலவு என்பதை மன்றத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

மன்றமே இல்லாத ஆண்டுகள்

இந்தப் பகுதியை எல்லாரும் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் நகராட்சித் தேர்தல் 1986-இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 1991-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996-இல். ஓட்டல் வழக்கு முழுவதும் அந்த இடைவெளியில் விழுகிறது. அப்போது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சியின் காலம் ஐந்தாண்டு, முடிவதற்குள் தேர்தல் என்று அது சொல்கிறது. 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2011-இல் வந்த மன்றம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான். ஐந்து ஆண்டு நான்கு மாதம் தனி அலுவலர் ஆட்சி. ஒரு முழு மன்றத்தின் ஆயுளை விட அதிகம்.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் மலை மேல் ஏறியது. மரங்கள் விழுந்தன, மண் சரிந்தது, பாதைகள் அடைபட்டன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2019-இல் சீல் வைப்பு. 2020-இல் கொரோனா ஊரடங்கு. மூன்றிலும் நமக்குக் கவுன்சிலர் கிடையாது. அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், செய்தார்கள். ஆனால் எந்தத் தெருவில் படுத்த படுக்கையாய் யார் இருக்கிறார், எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் போக வேண்டும் என்பது மாறுதலில் வந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

1995 தீர்ப்பு, 2019 உத்தரவு, 2024 இ-பாஸ். நம் ஊரின் பெரிய முடிவுகள் மூன்றும் நீதிமன்றத்திலிருந்து வந்தவை. நீதிமன்றம் வந்தது நம் நல்ல காலம். ஆனால் நகர்மன்றம் பேசாத இடத்தில்தான் நீதிமன்றம் பேச வேண்டி வருகிறது. அதன் உத்தரவு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெருத் தெருவாகப் பார்த்து முடிவு செய்யும் இடம் நகர்மன்றம் ஒன்றுதான். ஆகவே 2027-இல் தேர்தல் தள்ளிப் போகாமல் இருப்பது எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்பதை விட நமக்கு முக்கியம்.

இ-பாஸ்

2024 ஏப்ரல் 29-ஆம் தேதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கையும் வரையறுத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு.

ஒரு சின்னக் கணக்கு. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தால் 6,000 வண்டியில் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில், பஸ்ஸில் வருகிறவர்களைச் சேர்க்காமல். கட்டுப்பாடு போட்ட பிறகே இந்த நிலை.

கடைக்காரர்களும் டாக்ஸி ஓட்டுபவர்களும் விடுதிக்காரர்களும் இதை எதிர்ப்பது நியாயம் இல்லாததில்லை. ஏப்ரல், மே வருமானத்தில் வருஷம் முழுக்க வாழ்கிற குடும்பங்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றன. வெனிஸ் நகரமும் அதே 2024 ஏப்ரலில்தான் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு ஐந்து யூரோ கட்டணம் விதித்தது. மும்பைக்கு அருகில் உள்ள மாத்தேரான் மலையூரில் வெளி வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே ரயில், குதிரை, நடை. அவரவர் ஊருக்கு ஏற்ற வழியைத் தேடுகிறார்கள். நமக்கு ஏற்றது எது என்று நகர்மன்றம் ஒரு நாள் முழுக்க விவாதித்து, வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழேயே வண்டிகளை நிறுத்தி நகராட்சி மினி பஸ் விடலாமா, பார்க்கிங் கட்டணத்தை வார இறுதியில் கூட்டலாமா என்று ஒரு தீர்மானம் எழுதி அனுப்பினால், அடுத்த உத்தரவில் நம் ஊரின் குரலும் இருக்கும்.

வரியும் வரவு செலவும்

2022 ஏப்ரலில் சொத்து வரியைச் சீரமைத்தபோது, 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதமும் உயர்ந்தது. அதன்பின் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்த்தும் முறை வந்தது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நகராட்சிக் கணக்கு ஒரே பையில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனி. நகராட்சிகளில் இரட்டைப் பதிவு முறை வந்து 25 ஆண்டு ஆகிறது. ஆகவே "பணம் இல்லை" என்று பதில் வந்தால், "எந்த நிதியில் இல்லை?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஏடு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபாவும் இருக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபா கூடுவது வழக்கம். நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது போக வேண்டும்.

2. மன்றக் கூட்டத்தின் தீர்மான நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். சங்கத்தின் சார்பில் காலாண்டுக்கு ஒருமுறை ஒருவர் இதைச் செய்தால் போதும். சுருக்கத்தை இந்தச் செய்திமடலிலேயே போடலாம்.

3. கவுன்சிலரிடம் மனு கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதவும். இடம், தேதி, போட்டோ சேர்த்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளவும்.

4. வாக்காளர் பட்டியலில் வார்டு எண் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளவும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் கூட்டம் நெரியும்.

5. பக்கத்தில் அனுமதியில்லாமல் கட்டிடம் எழுகிறது என்றால், அடித்தளத்திலேயே எழுத்தில் தெரிவிக்கவும். ஏழாவது தளம் வரை காத்திருக்க வேண்டாம்.

125 ஆண்டு தாண்டிவிட்ட நகராட்சி இது. தொடக்கத்தில் நம் போன்றவர்களுக்கு அதன் உள்ளே இடம் இல்லை. பிறகு இடம் கிடைத்தது. நடுவில் இரண்டு முறை ஐந்தைந்து ஆண்டு பறிபோனது. இப்போது மன்றம் இருக்கிறது, உறுப்பினர் இருக்கிறார், கேட்பதற்குக் கேள்விகளும் இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்தில் தண்ணீர்க் கணக்கு கேட்கும் மனுவை எழுதி எடுத்து வருகிறேன். கையெழுத்துப் போட எல்லாரும் வாருங்கள்.